ரிவ்யூ கூட்டத்தில் எழுந்து நின்றாலே நடுங்குகிறதே, என்ன செய்வது?

கேள்வி கேட்டவர் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஆறு ஆண்டுகளாகத் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறார். இயந்திரத்தின் பக்கத்தில் நின்றால் யாரிடமும் தயங்காமல் பேசுவாராம். பதவி உயர்வு வந்த பிறகு மாதாந்திர ரிவ்யூ கூட்டத்தில் ஸ்லைடு போட்டு, அதுவும் ஆங்கிலத்தில், விளக்க வேண்டியிருக்கிறது. எழுந்தவுடன் வாய் உலர்கிறது, குரல் நடுங்குகிறது. தன்னம்பிக்கையை வளர்க்க என்ன பயிற்சி எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறார்.

நானும் இதே வேலையில் 23 ஆண்டுகள் இருந்தவன். உங்கள் தன்னம்பிக்கைக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இயந்திரத்தின் பக்கத்தில் பேசும்போது என்ன சொல்ல வந்தோம், எதிரில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஸ்லைடின் பக்கத்தில் நிற்கும்போது அது தெரிவதில்லை. நடுக்கத்தில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகிறது. மீதிப் பாதியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என் முதல் ரிவ்யூ கூட்டத்துக்கு 34 ஸ்லைடுகள் தயாரித்தேன். மூன்று இரவுகள் தூங்கவில்லை. ஆறு மாதக் கணக்கு, ஷிப்ட் வாரியாக, இயந்திரம் வாரியாக, வண்ண வண்ணமாக. மூன்றாவது ஸ்லைடில் ஆலைத் தலைவர் கையை உயர்த்தி, "சரி, இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதற்கான பதில் என்னுடைய 31ஆவது ஸ்லைடில் இருந்தது. "அது பின்னால் வருகிறது, சார்" என்றேன். அது வருவதற்குள் அவருக்கு வேறு கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது.

இத்தனைக்கும் விஷயம் மிகச் சிறியது. துளையின் ஆழம் அளவு தப்பி ரிஜெக்ட் ஆகிற பாகங்களில் பாதிக்கு மேல் திங்கட்கிழமை காலை முதல் மணி நேரத்தில் வந்தவை. ஞாயிறு விடுமுறை. இயந்திரம் ஒரு நாள் முழுக்கக் குளிர்ந்து கிடக்கிறது. ஓட ஓடச் சூடேறி, வெட்டும் கருவியைப் பிடித்துச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டில் சற்றே நீள்கிறது, அளவு நகர்கிறது. சூடு ஓரிடத்தில் நிலைத்த பிறகு எல்லாம் சரியாகிவிடுகிறது. திங்கட்கிழமை ஷிப்ட் தொடங்குவதற்கு அரை மணி முன்னால், காலை 5.30க்கு, ஓர் ஆள் வந்து வெட்டு எதுவும் கொடுக்காமல் இயந்திரத்தை வெறுமனே ஓட விட்டால் போதும். ஒரே ஓர் ஆளுக்கு அரை மணி நேர ஓவர்டைம். அந்த அனுமதியைக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்காமலே திரும்பி வந்தேன்.

ஏன் இப்படிச் செய்கிறோம் என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். நம்மில் பலருக்குப் பேச்சு என்றால் பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டிதான். தமிழாசிரியர் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து, நடுவர் அவர்களே, அவையோர்களே என்று தொடங்கி, கையை எங்கே உயர்த்த வேண்டும் என்பது உட்படக் கிளிப்பிள்ளையாக ஒப்பித்தோம். வளர்ந்த பிறகு பட்டிமன்றம் கேட்டோம். அங்கே இரண்டு அணியும் ஒன்றரை மணி நேரம் மோதிய பிறகு நடுவர் தீர்ப்புச் சொல்வார். அதற்காகத்தானே எல்லோரும் காத்திருப்பார்கள். அலுவலகத்தில் இந்த வரிசையைத் தலைகீழாகப் போட வேண்டும். தீர்ப்பு முதலில், வழக்கு பிறகு. தீர்ப்பைக் கேட்டவுடனே ஒப்புக்கொள்கிறவர் இருந்தால் வழக்கையே நடத்த வேண்டாம், நேரம் மிச்சம். ஒப்புக்கொள்ளாதவர், எதை ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்வார். அந்த இடத்தை மட்டும் விளக்கினால் போதும்.

முடிவைப் பின்னால் தள்ளுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. நான் பயிற்சி கொடுத்த இளைஞர்களிடமெல்லாம் அதைச் சொல்லியிருக்கிறேன். 2003 ஜனவரி 16 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேருடன் கொலம்பியா விண்கலம் கிளம்பியது. 82 விநாடிகளில் வெளித் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பிய்ந்து இடது இறக்கையில் மோதியது. விண்கலம் சுற்றுப்பாதையில் இருக்கும்போதே, இதனால் ஆபத்து உண்டா என்று போயிங் பொறியாளர்கள் ஆராய்ந்து நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகளாகக் கொடுத்தார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, பழைய சோதனைகளைப் பார்த்தால் நம் கணக்கீடு எச்சரிக்கையான பக்கமே இருக்கிறது என்று ஆறுதல் சொல்கிற மாதிரி அமைந்திருந்தது. அதன் கீழே புள்ளி, துணைப்புள்ளி, அதற்கும் ஒரு துணைப்புள்ளி. எல்லாவற்றுக்கும் அடியில், சின்ன எழுத்தில், உண்மையான செய்தி கிடந்தது: பழைய சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், இப்போது மோதியதோ 1920 கன அங்குலம் என்று மதிப்பிடப்பட்டது. அதாவது 640 மடங்கு. இந்த மோதலைப் பற்றி அந்தச் சோதனைகளால் எதுவும் சொல்ல முடியாது என்பதே அதன் பொருள். அந்த வரி தலைப்பாக வந்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும் வழியில் விண்கலம் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள். ஒரு ஸ்லைடு அவர்களைக் கொன்றுவிட்டது என்று சொல்வது மிகையாகும். காரணங்கள் பல, பழைய அலட்சியங்களும் அவற்றில் சேர்த்தி. ஆனால் விசாரணைக் குழு தன் அறிக்கையில் இந்த ஸ்லைடைத் தனியாக எடுத்துப் போட்டு, மூத்த அதிகாரி ஒருவர் இதைப் படித்துவிட்டு உயிராபத்தான விஷயம் என்று உணராமல் போவது எளிது என்று எழுதியது. எழுதியவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது, ஸ்லைடிலும் அது இருந்தது. இருந்த இடம்தான் தப்பு.

ஆகவே உங்கள் ஸ்லைடுகளை எடுத்துத் தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். "ஏப்ரல் மாத ரிஜெக்ஷன் நிலவரம்", "ஷிப்ட் வாரியான பகுப்பாய்வு", "காரணங்கள்", "நடவடிக்கைகள்" என்று இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். இவை அலமாரியில் ஒட்டுகிற பெயர்ச்சீட்டுகள். ஒவ்வொன்றையும் வினைச்சொல்லோடு முடியும் முழு வாக்கியமாக மாற்றுங்கள். "ரிஜெக்ஷனில் பாதி திங்கட்கிழமை முதல் மணி நேரத்தில் வருகிறது." "குளிர்ந்த ஸ்பிண்டில்தான் காரணம்: சூடேறிய பிறகு அளவு நகரவில்லை." "திங்கள் காலை 5.30க்கு ஓர் ஆள் வந்தால் இது நிற்கும்." தலைப்புகளை மட்டும் படித்தாலே கதை புரிய வேண்டும். இப்படி எழுத முயலும்போது சில ஸ்லைடுகளுக்கு வாக்கியமே வராது. நாம் உழைத்தோம் என்று காட்டுவதற்காக வைத்தவை அவை. தூக்கிக் கடைசியில் போடுங்கள், யாராவது கேட்டால் காட்டலாம். என் 34 ஸ்லைடுகள் அடுத்த மாதம் நான்காகின. அனுமதியும் கிடைத்தது.

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில், கூட்டம் முடிந்து வெளியே போகும்போது யார் என்ன முடிவோடு போக வேண்டும் என்று ஒரே வாக்கியம் எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் அந்த மாதம் சொல்வதற்கு உங்களிடம் எதுவும் இல்லை என்று பொருள். "எல்லாம் இலக்குக்குள் இருக்கிறது, முடிவெடுக்க எதுவும் இல்லை" என்று ஒரு நிமிடத்தில் சொல்லி உட்கார்ந்துவிடுங்கள். அப்படி உட்கார்ந்தவரை யாரும் குறை சொல்லி நான் பார்த்ததில்லை.

இனி அந்த மீதிப் பாதி நடுக்கம். விஷயம் தெளிவாக இருந்தாலும் உடம்பு நடுங்கத்தான் செய்யும். வள்ளுவர் அவையஞ்சாமைக்கென்று தனி அதிகாரமே வைத்திருக்கிறார், அதற்கு முந்தைய அதிகாரம் அவையறிதல். முதலில் அவையை அறி, அஞ்சாமையைப் பிறகு பார்க்கலாம் என்று நான் அந்த வரிசையை எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் நடுக்கம் உங்களுக்குத் தெரிகிற அளவு வெளியே தெரிவதில்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. பேசியவர்கள் தாங்கள் மிகவும் பதறியதாக நினைத்தார்கள், பார்த்தவர்களுக்கு அவ்வளவு தெரியவில்லை. இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பேச வைத்தபோது பேச்சே மேம்பட்டது, அதைப் பார்த்தவர்களும் ஒப்புக்கொண்டார்கள். நம்பிக்கை வராவிட்டால் அடுத்த முறை பேசும்போது சக ஊழியர் ஒருவரை மொபைலில் பதிவு செய்யச் சொல்லுங்கள். தொண்டையில் இதயம் துடிப்பதாக உங்களுக்குத் தோன்றிய இடத்தில், திரையில் ஒருவர் சாதாரணமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்.

அமைதியாக இரு, அமைதியாக இரு என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வதால் பெரிய பலன் இல்லை. ஓடத் தயாராகிவிட்ட உடம்பை உட்கார வைக்க முடியாது. அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொன்னவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். பதற்றத்துக்கும் உற்சாகத்துக்கும் உடம்பில் ஒரே படபடப்புதான், பெயரை மட்டும் மாற்றுகிறோம். எனக்கு இது கொஞ்சம் கூச்சமாக இருந்ததால் மாடிப்படியில் சொல்லிக்கொள்வேன்.

கையில் ஒற்றைத் தாளை வைத்துக்கொள்ளாதீர்கள். விரல் சிறிது நடுங்கினால் தாள் படபடவென்று அடித்து ஊருக்கே அறிவிக்கும். தடித்த அட்டை அல்லது நோட்டுப் புத்தகம் நல்லது. இரண்டு காலிலும் சமமாக நில்லுங்கள். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுவதில் கவனம் வையுங்கள். உடல்மொழியைப் பற்றி இதற்கு மேல் கவலைப்பட வேண்டாம். பயிற்சி வகுப்புகளில் தகவல் தொடர்பில் 55 சதவீதம் உடல்மொழி, 38 சதவீதம் குரல், வெறும் 7 சதவீதம்தான் சொற்கள் என்று ஒரு வட்டப்படம் போடுவார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் செய்த சோதனைகளைத் திரித்துச் செய்த படம் அது. ஒருவருடைய பிடித்தம், வெறுப்பு ஆகிய உணர்ச்சிகள் எப்படித் தெரிகின்றன என்பதை அவர் ஆராய்ந்தார், அதில் ஒரு பகுதி ஒற்றைச் சொற்களை வைத்து நடந்தது. ரிஜெக்ஷன் கணக்கைக் கைவீச்சால் 55 சதவீதம் விளக்க முடியுமா என்ன?

ஆங்கிலம் பற்றி. நானும் தமிழ்வழியில் படித்தவன்தான், அந்த வலி தெரியும். மனத்துக்குள் தமிழில் நீளமான வாக்கியம் ஒன்றைக் கட்டிவிட்டு அதை வரிக்கு வரி மொழிபெயர்க்கப் போனால் நடுவழியில் மாட்டிக்கொள்வீர்கள். முதல் நான்கு வாக்கியங்களை ஆங்கிலத்திலேயே எழுதி மனப்பாடம் செய்துவிடுங்கள். கிளிப்பிள்ளைத்தனத்தைக் கேலி செய்தவனே இதைச் சொல்கிறான். ஆனால் மிரட்சி அதிகம் இருப்பது முதல் ஒரு நிமிடம்தான், அந்த நிமிடத்தை நாக்கு தானாகக் கடந்துவிட வேண்டும். ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்குப் போகிற இணைப்பு வாக்கியங்களையும் எழுதிப் பழகுங்கள், திணறுவது பெரும்பாலும் அங்கேதான். நடுவில் இருப்பதை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சொல் மறந்தால் முழுவதும் போய்விடும். கூட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் தமிழ் தெரியும் என்றால், சிக்கலான இடத்தைத் தமிழில் சொல்லலாமா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். மறுத்த தலைவரை நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒத்திகையை நின்றுகொண்டு, வாய்விட்டு, கடிகாரம் வைத்துச் செய்யுங்கள். மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது கணக்கில் வராது. மனத்துக்குள் எட்டு நிமிடத்தில் முடிவது வாயில் எனக்கு எப்போதும் பதின்மூன்று நிமிடம் எடுத்தது. முடிந்தால் வேறு துறையில் இருக்கும் ஒருவரை எதிரில் உட்கார வையுங்கள், கணக்குப் பிரிவில் இருப்பவர் இதற்கு மிகப் பொருத்தம். நமக்குத் தெரிந்தது அடுத்தவருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிற வியாதி நம் எல்லோருக்கும் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் 1990இல் ஒரு சோதனை செய்தார். தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும், கேட்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். தட்டியவர்கள் பாதியாவது கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தார்கள். 120 பாடல்களில் சரியாகச் சொல்லப்பட்டவை மூன்றுதான். தட்டுகிறவர் காதில் மெட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, கேட்பவர் காதில் வெறும் டொக் டொக். ரிவ்யூ கூட்டங்களில் பாதி அந்த டொக் டொக்தான்.

தொடர்ந்து பேசிப் பழக இடம் வேண்டுமென்றால் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் ஒன்றில் சேரலாம். ரால்ஃப் ஸ்மெட்லி 1924இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. சென்னை, கோவை போன்ற நகரங்களில் கிளப்புகள் இருக்கின்றன. அங்கே ஒருவர் நீங்கள் எத்தனை முறை "ஆ", "ம்" என்று இழுக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பார், இன்னொருவர் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு போட்டு நேரம் காட்டுவார். முன்தயாரிப்பு இல்லாமல் கொடுத்த தலைப்பில் ஓரிரு நிமிடம் பேச வைப்பார்கள். எனக்கு அங்கே எல்லோரும் எல்லோரையும் பாராட்டிக்கொண்டே இருப்பது அலுப்பாக இருந்தது, ஆனாலும் ஓர் ஆண்டு போனேன், இழுவை குறைந்தது.

கூட்ட நாளன்று கால் மணி முன்னதாகப் போய் ப்ரொஜெக்டர் கேபிள் பொருந்துகிறதா என்று பாருங்கள். கோப்பைப் பென்டிரைவில் பிடிஎஃப் ஆகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடில் தமிழ் இருந்தால் யூனிகோடில் மட்டும் அடியுங்கள். யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்த ஒரு ஸ்லைடு வேறொருவர் கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நின்றபோது, வருகையாளர் ஒருவர் அது என்ன மொழி என்று விசாரித்தார். பவர்பாயிண்ட் ஓடும்போது விசைப்பலகையில் ‘பி’ விசையை அழுத்தினால் திரை கறுப்பாகிவிடும், மறுபடி அழுத்தினால் திரும்ப வரும். முக்கியமான இடத்தில் எல்லாருடைய கண்ணும் உங்கள் பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இதைவிட எளிய வழி கிடையாது.

உண்மையில் பலரை உதறவைப்பது பேச்சைவிட, அதற்குப் பிறகு வரும் கேள்விகள்தான். இங்கேதான் அவையறிதல். யார் யார் வருவார்கள் என்று எழுதி, ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவர் கேட்கக்கூடிய இரண்டு கேள்விகளை எழுதுங்கள். உற்பத்தித் தலைவருக்கு எண்ணிக்கை குறையுமா என்ற கவலை. பராமரிப்புத் தலைவருக்குப் பழி தன் மேல் விழுமோ என்ற கவலை. திங்கட்கிழமை விவகாரத்தில் இவரைத்தான் முதல் முறை மறந்துவிட்டேன். இயந்திரம் சரியில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டு அவர் பாய்ந்தார். இரண்டாம் முறை, கூட்டத்துக்கு முந்தைய நாள் கேன்டீனில் அவர் எதிரே தட்டோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "குளிர்ந்த இயந்திரம் அப்படித்தான் இருக்கும், நான்கூடச் சொல்ல நினைத்தேன்" என்றார். மறுநாள் கூட்டத்தில் என்னைவிட அவர்தான் அதிகம் வாதாடினார். முன்கூட்டியே போய்ப் பேசுவதைச் சிலர் காக்காய் பிடிப்பது என்பார்கள். பத்துப் பேர் முன்னிலையில் ஒருவரைத் திடீரென்று திகைக்க வைப்பதைவிட அது நாகரிகமானது.

கேள்வி வந்ததும் பதிலுக்குப் பாயாமல், அதை உங்கள் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். சரியாகப் புரிந்துகொண்டோமா என்று தெரியும், யோசிக்க நான்கு விநாடியும் கிடைக்கும். பதில் தெரியாவிட்டால் மென்று விழுங்காதீர்கள். "அந்த எண் இப்போது என்னிடம் இல்லை, மாலை நான்கு மணிக்குள் அனுப்புகிறேன்" என்று சொல்லுங்கள். மூன்றே முக்காலுக்கு அனுப்பிவிடுங்கள். அப்படி இரண்டு முறை செய்த பிறகு உங்கள் "தெரியாது" என்பதற்கே ஒரு மதிப்பு வந்துவிடும். ஒருவர் மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவருக்கு வேறு எங்கோ ஓர் உற்பத்தி லைன் நின்றிருக்கும்.

காணொளிக் கூட்டம் என்றால் பெரும்பாலும் இதேதான். குரலில் கூடுதல் கவனம், நல்ல மைக், முகத்துக்கு எதிரே வெளிச்சம், அவ்வளவே.

கடைசியாக ஒரு பழக்கம். கூட்டம் முடிந்து இருக்கைக்கு வந்ததும், எப்படிப் பேசினேன் என்று மனத்தைக் குடையாமல், வந்த கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். என் பழைய நோட்டில் நிதித் தலைவர் பெயருக்கு எதிரே "இதற்கு எவ்வளவு செலவாகும்?" என்ற ஒரே கேள்வி பதினொரு முறை இருக்கிறது. பதினோராவது முறை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு என் இரண்டாவது ஸ்லைடின் தலைப்பு எப்போதும் ரூபாயில்தான் தொடங்கியது.